நமுனுகுல மலைக்குள் எத்தனை சோடிக் கொலுசு?

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில், மலையை வெட்டி றோட்டுப் போட்ட இடங்களைப் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட மறுநாள் வெயில் ஏறினால் அந்தச் செம்மண் முகம் முழுக்க மினுமினுக்கும். பீலித் தண்ணீர் ஓடும் கானின் அடியிலும் அதே மினுக்கம். லயத்துப் பிள்ளைகள் அந்தத் துணுக்குகளை உள்ளங்கையில் அள்ளி வெள்ளி என்பார்கள். பெரியவர்கள் காக்காப்பொன் என்று சொல்லித் தட்டிவிடச் சொல்வார்கள். பெரியவர்கள் சொல்வதுதான் சரி. நகத்தால் நெம்பினால் அது ஏடு ஏடாகப் பிரியும், வளைத்து விட்டால் நிமிர்ந்துகொள்ளும், அடுப்பில் போட்டாலும் உருகாது. மைக்கா என்று கடையில் விற்பது இதுதான். வெள்ளி ஏடாகப் பிரியாது, வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், 962 பாகை செல்சியஸில் உருகிவிடும்.

ஆனால் பிள்ளைகளின் கேள்வி அதோடு தீர்ந்துவிடுவதில்லை. ஒன்றுக்கும் உதவாத மலை என்றால் பேச்சே இல்லை. ஒக்கம்பிட்டியக் குழிகளில் நீலக்கல்லும் கோமேதகமும் வருகின்றன. மலைப்பாறைகளில் பென்சிற்கரி கோடு கோடாக ஓடுகிறது. வெலிமடைப் பக்கம் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. இத்தனையும் கொடுத்த மலை வெள்ளியை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

உலோகம் எடுக்கத் தெரியாமல் போய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம். ஹல்துமுல்லவுக்குக் கீழே, சமனலவெவப் பகுதியின் சரிவுகளில், 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கினார்கள். அங்கே துருத்தி ஊத ஆளில்லை. தென்மேல் பருவக்காற்று மலையில் மோதி எழும் இடமாகப் பார்த்து உலையைக் கட்டி, காற்றையே துருத்தியாக்கினார்கள். தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அப்படி ஓர் உலையைத் திரும்பக் கட்டி, காற்றை மட்டும் நம்பி உருக்கிக் காட்டி, 1996இல் அதைப் பற்றி எழுதினார். அந்த அளவுக்குக் கல்லையும் நெருப்பையும் அறிந்தவர்கள் வெள்ளிக்கல்லைக் கண்டிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

காலில் கிடந்தது எங்கிருந்து வந்தது?

தோட்டத்துப் பழைய படங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் காலில் தண்டையும் கையில் காப்பும் இருக்கும். அந்த வெள்ளியில் இலங்கை மண்ணில் தோண்டியது எதுவுமில்லை என்றே சொல்லலாம்.

ஒரே ஒரு பழைய கதை மட்டும் வேறு மாதிரிச் சொல்கிறது. மகாவம்சத்தின் 28ஆம் அத்தியாயத்தில், துட்டகைமுனு மன்னன் அநுராதபுரத்தில் மகாதூபியைக் கட்டப் பொருள் தேடியபோது ஓரிடத்தில் பொன், ஓரிடத்தில் செம்பு, ஓரிடத்தில் மணிகள் என்று வரிசையாகத் தோன்றுகின்றன. வெள்ளி ஒரு குகையில் கிடைக்கிறது. வண்டி கட்டிப் போன வணிகன் ஒருவன் பலாப்பழத்தைக் கண்டு, அதைப் பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குகையில் வெள்ளியைப் பார்க்கிறான். குருநாகல் மாவட்டத்து ரிதி விகாரைதான் அந்த இடம் என்று சொல்வார்கள். இன்று அங்கே விகாரை உண்டு, சுரங்கம் கிடையாது. கட்டடத்துக்குத் தேவைப்பட்டதெல்லாம் தேவைப்பட்ட நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வரும் ஓர் அத்தியாயத்தை வைத்து வெள்ளிப் படிவத்துக்கு வரைபடம் போட நான் தயாரில்லை.

மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. இலங்கையின் பழைய குடியிருப்புகளில் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் நிறைய அகப்பட்டிருக்கின்றன. அவை இந்தியாவின் மௌரியர் காலத்தையும் அதற்கு முன்பின்னான காலத்தையும் சேர்ந்தவை. கண்டி இராச்சியத்தில் புழங்கிய இன்னொரு வகைக் காசு, தூண்டில் முள் மாதிரி வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து வந்த லாரின் என்ற காசின் வழிவந்தது அது. கண்டியில் சிறையிருந்து தப்பிய றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு கோப்பியும் தேயிலையும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோட்டத்தில் கைமாறிய பணம் வெள்ளி ரூபாய். ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாணயத்தை உருக்கி நகை செய்வது இந்தியாவில் பழகிய வழக்கம். கையிருப்பைக் காலில் பூட்டி வைத்துவிட்டால் கடன்காரன் கேட்கவும் தயங்குவான்.

ஆக வெள்ளி கடல் கடந்து வந்தது. இனி, வராமலே இங்கே இருந்த வெள்ளியைப் பார்ப்போம்.

மலையில் இல்லாமலில்லை

கணக்கை எளிதாக்க ஒரு சோடிக் கொலுசின் எடை 80 கிராம் என்றும், அது முழுக்கச் சுத்த வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் பத்துப் பவுண்.

பூமியின் மேலோட்டில் எந்தச் சாதாரணப் பாறையை எடுத்துப் பொடித்தாலும் அதில் ஒரு தொன்னுக்குச் சுமார் 0.07 கிராம் வெள்ளி இருக்கும். நமுனுகுல மலையின் கல்லும் இதற்குப் பெரிய விலக்காக இருக்கக் காரணமில்லை. ஒரு கன கிலோமீட்டர் பாறை சுமார் 270 கோடித் தொன் எடை. அதில் அடங்கிய வெள்ளி ஏறக்குறைய 189 தொன், அதாவது 23 இலட்சம் சோடிக் கொலுசு. நமுனுகுலவோ 2,000 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் மலை. ஊவா மாகாணத்தில் உள்ள எல்லாக் கால்களுக்கும் போட்டு மிஞ்சும்.

எடுக்கத்தான் முடியாது. ஒரு சோடிக்கு வேண்டிய 80 கிராமுக்காக 1,100 தொன்னுக்கும் அதிகமான கல்லை உடைத்து, மாவாக்கி, அணு அணுவாகப் பிரிக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏழரை மீட்டரான ஒரு பாறைக்கட்டி அது. அதை அரைக்கும் எண்ணெய்ச் செலவுக்கே கொலுசை விற்றாலும் காணாது.

எனவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். வெள்ளி எங்கும் இருக்கிறது. சில இடங்களில் மட்டும் அது எப்படி ஒன்று சேர்ந்தது? சுரங்கம் என்பது அப்படிச் சேர்ந்த இடம். சேர்மானம் நடந்த ஓரிடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஊவாவில் என்ன நடக்கவில்லை என்பது புரியும். நான் எடுத்துக்கொள்வது இராஜஸ்தானத்தின் பில்வாரா மாவட்டத்தில் உள்ள இராம்புரா அகுச்சா. இவ்வளவு தூரம் போகக் காரணம் உண்டு. அதன் பாறைகள் பதுளைப் பாறைகளுக்கு உறவு என்று சொல்லும் அளவுக்கு ஒத்துப்போகின்றன.

அகுச்சாவின் ஒன்றரைத் தொன் கல்

இன்றைக்கு உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று அகுச்சா. 1977இல் மாநில அரசின் நிலவியலாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தார்கள் என்பதைவிடத் திரும்பக் கண்டார்கள் என்பது பொருத்தம். பழைய குழிகளும் உலைக்கசடு மேடுகளும் அங்கே கிடந்தன. குழிகளில் கிடைத்த கரியின் வயது மௌரியர் காலத்தை, கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டி வருகிறது. அதே இராஜஸ்தானத்தில் தரிபா என்ற இன்னொரு சுரங்கத்தில் பழங்காலத்து ஆட்கள் 200 மீட்டருக்கும் கீழே மரச்சட்டம் கட்டி இறங்கியிருக்கிறார்கள். வெடிமருந்து இல்லாத காலம். பாறையின் மீது நெருப்பு மூட்டிச் சூடேற்றி, விரிசல் விட்டதும் ஆப்பு அடித்துப் பெயர்த்தார்கள். அந்த ஆழத்தில், அந்தப் புகையில், தண்ணீரையும் வெளியே இறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அகுச்சாவின் கல்லில் சுமாராக நூற்றுக்கு 13 பங்கு துத்தநாகம், 2 பங்கு ஈயம், தொன்னுக்கு ஏறக்குறைய 50 கிராம் வெள்ளி. நம் கொலுசுக் கணக்கை இங்கே போடுவோம். 80 கிராம் வெள்ளிக்கு 1.6 தொன் கல் போதும். கல் கனமானது என்பதால் மூன்று பக்கமும் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு கட்டிதான். நமுனுகுலவில் ஒரு வீட்டைவிடப் பெரிய பாறை வேண்டியிருந்தது. சாதாரணக் கல்லைவிட எழுநூறு மடங்கு செறிவு.

அந்தக் கட்டிக்குள் வெள்ளியைத் தனியாகக் காண முடியாது. அது ஈயக்கல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஈயமும் கந்தகமும் சேர்ந்து, உடைத்தால் சிறு சிறு சதுரங்களாக உடையும் பளபளப்பான சாம்பல் நிறக் கல்லைத்தான் இங்கே ஈயக்கல் என்கிறேன். துத்தநாகமும் கந்தகமும் சேர்ந்த பழுப்புக் கல் இன்னொன்று, அதை நாகக்கல் என்போம். வெள்ளியில் பெரும்பகுதி ஈயத்தோடு போகும். ஆகவே வெள்ளி வேண்டுமானால் ஈயத்தை எடுக்க வேண்டும்.

நம் 1.6 தொன் கல்லில் 32 கிலோ ஈயம் இருக்கிறது. ஈயக்கல்லைப் பொறுக்கி எடுத்துத் திறந்த நெருப்பில் வறுத்தால் கந்தகம் புகையாகப் போகும், ஈயம் கீழே வடியும். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும், கஷ்டமில்லை. அப்படி வடிந்த 32 கிலோ ஈயத்துக்குள் நம் 80 கிராம் வெள்ளி கரைந்து கிடக்கும். அடுத்தது புடமிடல். ஈயத்தை அகன்ற மண்தட்டில் இட்டு, வெள்ளி உருகும் சூடு வரை ஏற்றி, மேலே காற்றை ஊதுவார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து மஞ்சள் கலந்த சிவப்புக் கசடாக மாறும். வெள்ளி காற்றோடு சேராது. கசடை வழித்தும், தட்டின் மண்ணிலேயே ஊற விட்டும் போக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் தட்டின் நடுவே ஒரு பளிச்சிடும் துளி நிற்கும். வழித்து எடுத்த கசடு நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்த பொருள்தான்: மிருதார்சிங்கி. ஒரு சோடிக் கொலுசுக்கு 34 கிலோ மிருதார்சிங்கி. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் உடம்பில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கும் என்று எந்தக் காசிலும் முத்திரை குத்தி வைக்கவில்லை.

மீதியிருப்பது துத்தநாகம். 1.6 தொன்னில் அது 208 கிலோ, வெள்ளியைவிட 2,600 மடங்கு. மௌரியர் காலத்து அகுச்சாவில் அதை யாரும் சீண்டவில்லை. சீண்டவும் முடியாது. துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகிவிடும். அதைக் கல்லிலிருந்து விடுவிக்கத் தேவையான சூடோ அதைவிட அதிகம். விடுதலையான கணமே அது ஆவியாகி, காற்றைத் தொட்டதும் வெண்புகையாகிப் பறந்துவிடும். அந்த ஆவியைப் பிடிக்கும் வழியைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு உதயப்பூருக்குப் பக்கத்து ஜாவரில் கண்டார்கள். கல்லும் கரியும் அடைத்த நீண்ட மண்குடுவைகளை, ஓர் உலைக்கு 36 என்று, வாய் கீழாகக் கவிழ்த்து அடுக்கினார்கள். சூடு மேலே, குளிர்ந்த கலம் கீழே. காற்றுப் புகாத குழாய் வழியே ஆவி கீழிறங்கிக் குளிர்ந்து உலோகத் துளியாகச் சேர்ந்தது. உலகத்தில் துத்தநாகத்தைத் தொழிலாகவே உருக்கிய இடங்களில் ஜாவரைவிடப் பழையது இதுவரை தெரியவில்லை. இங்கிலாந்தில் பிறிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சம்பியன் அதே கீழ்நோக்கி வடிக்கும் முறைக்கு 1738இல்தான் உரிமம் வாங்கினார். ஜாவரில் இன்றும் பயன்படுத்தி முடித்த குடுவைகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கின்றன, சில இடங்களில் வீட்டுச் சுவரே அவற்றால் கட்டியதுதான்.

அகுச்சாவுக்குத் திரும்புவோம். 1991இல் அங்கே திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியது. பழையவர்கள் விட்டுப்போன துத்தநாகத்துக்காகத் தொடங்கியது. வெள்ளி இப்போது உபரி வரும்படி.

உப்புத் தண்ணீர் செய்த வேலை

எழுநூறு மடங்கு செறிவு எப்படி வந்தது? விடை கடலடியில் இருக்கிறது.

சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முன் அகுச்சா இருந்த இடத்தில் ஒரு கடல் கிடந்தது. அதன் தரை இழுபட்டு விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. விரிசல் வழியே உப்புத் தண்ணீர் சில கிலோமீட்டர் கீழே இறங்கி, சூடாகி, போகிற வழியிலுள்ள பாறைகளில் தொன்னுக்கு நூறு கிராமுக்கும் குறைவாகச் சிதறிக் கிடந்த துத்தநாகத்தையும் ஈயத்தையும், அதிலும் சொற்பமான வெள்ளியையும் கரைத்து எடுத்துக்கொண்டது. நல்ல தண்ணீரால் இது முடியாது. உப்பிலுள்ள குளோரின் உலோக அணுவைப் பற்றிக்கொள்வதால்தான் அது கரைசலில் நிற்கிறது. பெரிய பரப்பில் சிதறியிருந்ததை வழித்துக்கொண்டு, இன்னொரு விரிசல் வழியே சுடுநீராக மேலேறி, கடலடிச் சேற்றில் வெளிப்பட்டது. அந்தச் சேறு பிராணவாயு இல்லாதது, செத்த நுண்ணுயிர்களால் கறுத்தது, கந்தகம் மிகுந்தது. கந்தகத்தைக் கண்டதும் உலோகம் உப்பை விட்டு அதோடு சேர்ந்து அப்படியே படிந்தது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இதே வேலை. அள்ளிய பரப்பு மாவட்டக்கணக்கு, கொட்டிய இடம் நீளத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு.

இது வெறும் ஊகமில்லை. செங்கடலின் அடியில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், அற்லான்ரிஸ் 2 என்ற பள்ளத்தில் இப்போதும் இப்படியொரு சூடான உப்புக் குளம் கிடக்கிறது. 1960களில் ஆய்வுக்கப்பல்கள் அதைக் கண்டன. அடிச்சேற்றை அள்ளிப் பார்த்தால் துத்தநாகமும் செம்பும் வெள்ளியும்.

வெந்த மலை

அகுச்சாவின் சேறு சேறாகவே இருந்துவிடவில்லை. பின்னாளில் கண்டங்கள் மோதியபோது பூமிக்குள் அமுங்கி, ஏறக்குறைய 650 பாகைச் சூட்டில் வெந்தது. உருகாமலே உள்ளே தாதுக்கள் மாறி வேறு கல்லாவதைப் பாறை உருமாற்றம் என்பார்கள். கறுத்த சேற்றிலிருந்த கரி பென்சிற்கரியானது. களிமண் மைக்காவாகவும் சில்லிமனைட் என்ற ஊசி ஊசியான தாதுவாகவும் ஆனது. ஈயக்கல்லும் நாகக்கல்லும் பருமணியாக வளர்ந்தன.

இப்போது பதுளையைப் பாருங்கள். இந்த மலைகளும் ஒரு காலத்துக் கடலடிதான். மணல் குவார்ட்சைட்டாகியிருக்கிறது, சுண்ணாம்பு சலவைக்கல்லாகியிருக்கிறது, கறுத்த களிமண் பென்சிற்கரியும் சில்லிமனைட்டும் செந்நிறக் கார்னெட் மணிகளும் கொண்ட பாறையாகியிருக்கிறது. ஒடிசாவின் கொண்டு பழங்குடிகளின் பெயரால் அதைக் கொண்டலைட் என்பார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கேரளம் வழியாக ஊவா வரை இந்தக் கல் தொடர்கிறது. கோண்டுவானாக் கண்டம் ஒட்டவைக்கப்பட்ட காலத்தில், 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் மலைகள் 30 கிலோமீட்டர் அளவு ஆழத்தில் 800 பாகைக்கும் மேல் வெந்தன. மேலே கிடந்ததெல்லாம் அரிபட்டுப் போய், அந்த ஆழத்துக் கல் இன்று எல்லவிலும் ஹப்புத்தளையிலும் வெயில் காய்கிறது.

அதிகமாக வெந்ததால் வெள்ளி போய்விட்டதா? அப்படித்தான் பலரும் நினைப்பார்கள். இதற்கு அவுஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் மறுப்புச் சொல்லும். 1883இல் ஆட்டுப் பண்ணையின் வேலியைச் சுற்றிப் பார்க்கும் வேலையிலிருந்த சார்ள்ஸ் ராஸ்ப் என்பவர் தகரம் என்று நினைத்துக் காணி பிடித்த அந்தக் குன்று, ஈயமும் துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த உலகின் மிகப் பெரிய குவியல்களில் ஒன்றாக முடிந்தது. அதன் பாறைகளும் நம் பாறைகள் போலக் கடுஞ்சூட்டில் வெந்தவை. வெள்ளி எங்கும் ஓடிவிடவில்லை.

ஊவாத் தோட்டத்தாருக்கு இதை விளக்க ஒரு வழி இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் அடிக்கும்போது பறித்த கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற மணம் வரும். பெக்டரியில் வாட்டலாம், உருட்டலாம், காய வைக்கலாம். கொழுந்தில் ஏறாத மணத்தை அங்கே ஏற்ற முடியாது. மலையை வேகவைத்த சூடும் அப்படித்தான். கடலடியில் சுடுநீர் கொட்டிவிட்டுப் போன உலோகம் இருந்தால் அதைப் பருமணியாக்கும், இடம் மாற்றும், முகம் மாற்றும். இல்லாத உலோகத்தை உண்டாக்காது. அகுச்சாவின் சேற்றுக்குக் கிடைத்த அந்த விரிசலும் சுடுநீரும் நம் சேற்றுக்குக் கிடைக்கவில்லை, அல்லது வெட்டி எடுக்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளியின் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மாணிக்கம் வேறு கணக்கு. அலுமினியம் மிகுந்து, சிலிக்கா குறைந்த கல்லில் கடுஞ்சூடு பட்டால் நீலக்கல்லும் ஸ்பினெல்லும் விளையும். அதற்குச் சுடுநீர் ஊற்று தேவையில்லை, சூளைதான் தேவை. ஊவாவுக்குச் சூளை கிடைத்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஈயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு கிடக்கும் இடத்தில் இரும்பும் கிடக்கும். மேலே வரும்போது மழையும் காற்றும் பட்டு அந்த இரும்பு துருவேறிக் குன்றின் உச்சியில் காவிநிற மூடியாக நிற்கும். துருமுடி என்போம். பழைய சுரங்கக்காரர்கள் வறண்ட நாட்டில் தொலைவிலிருந்தே இதைக் கண்டு வந்து தோண்டினார்கள். ஊவாவிலோ பாறை பல மீட்டர் ஆழத்துக்கு உக்கி, மலை முழுவதுமே காவி நிறம். துருமுடி ஒன்று இருந்தாலும் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, சரிவில் நிற்கவும் செய்யாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்து லயங்களை மூடியதும் இப்படிச் சரிவில் சேர்ந்து கிடந்த உக்கிய மண்ணும் கல்லும்தான். இந்த மக்களுக்கு நிலவியல் பாடம் வெள்ளியால் வரவில்லை.

நீல ஸ்பினெல்லுக்குள் துத்தநாகம்

கந்தகம் போதாத இடத்தில் துத்தநாகம் என்ன செய்யும்? வேறு தாதுவுக்குள் இடம் பிடிக்கும். அதற்குப் பிடித்த வீடு ஸ்பினெல். மக்னீசியமும் அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த மணி அது. மக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாகம் ஏறிக்கொண்டால் அதன் பெயர் கானைட். அகுச்சாவின் வெந்த கல்லில் கானைட் இருக்கிறது. புரோக்கன் ஹில்லிலும் இருக்கிறது. அங்கெல்லாம் சுரங்கத் தேடலுக்குப் போகிறவர்கள் பாறையில் பச்சை, நீலப் பச்சையாகக் கானைட் மணிகளைக் கண்டால் அருகே துத்தநாகம் கிடக்கலாம் என்று குறித்துக்கொள்வார்கள்.

1937இல் இலண்டனில் இரத்தினப் பரிசோதகர்கள் அண்டர்சனும் பேனும் இலங்கையிலிருந்து வந்த சில நீல ஸ்பினெல் கற்களைச் சோதித்தார்கள். பார்க்க ஸ்பினெல், ஆனால் எடை கூடியிருந்தது, ஒளியை வளைக்கும் அளவும் கூடியிருந்தது. பகுத்துப் பார்த்தால் உள்ளே துத்தநாகம். மக்னீசிய அணு எடை 24, துத்தநாக அணு எடை 65. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஏறினால் கல் கனக்கத்தான் செய்யும். இந்தக் கலப்புக் கல்லுக்குக் கானோஸ்பினெல் என்று பெயர் வந்தது. யாரோ ஒருவர் மோதிரத்தில் நீலமாக ஒளிர்வது ஒரு சிறு துத்தநாகப் படிவம் என்று சொன்னால் தப்பில்லை.

உடனே மண்வெட்டியை எடுக்க வேண்டாம். சாதாரணக் களிமண்ணிலும் தொன்னுக்கு நூறு கிராமுக்குக் கிட்டத் துத்தநாகம் இருக்கும். அது வேகும்போது ஸ்பினெல் மணிகள் சுற்றியுள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கற்கள் இல்லம் எனப்படும் ஆற்றுச் சரளையில் கிடைப்பவை. பிறந்த பாறையிலிருந்து எவ்வளவு தூரம் உருண்டு வந்தன என்று கல் சொல்லாது. பாறையில் பதிந்தபடியே, வரிசையாக, பல இடங்களில் கானைட் கிடைத்தால்தான் அது தடயம்.

கதிர்காமத்துக்குப் போகும் கோடு

அப்படியானால் ஊவாவில் உலோகத்துக்கு இடமே இல்லையா? எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது ஒரு கோடு.

இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைத்தொகுதியும் கிழக்கே உள்ள விஜயன் பாறைத்தொகுதியும் வெவ்வேறு வயதும் பிறப்பும் கொண்டவை. மோதலின்போது மலைநாட்டுத் தொகுதி விஜயன் தொகுதியின் மேல் ஏறிச் சரிந்து உட்கார்ந்தது. இரண்டும் சந்திக்கும் கோடு திருகோணமலைப் பக்கமிருந்து தெற்கே இறங்கி, ஊவாவில் புத்தள, வெல்லவாய அருகாகப் போகிறது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சமவெளியிலிருந்து திடீரென்று எழும் அந்தக் குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். அவை மலைநாட்டுப் பாறையின் துண்டுகள். மேலே ஏறி வந்த தட்டின் பெரும்பகுதி அரிபட்டுப் போனபின், தாய்மலையை விட்டுப் பிரிந்து விஜயன் பாறையின் மேல் தனித்து நிற்பவை.

இரண்டு தொகுதிகள் சந்திக்கும் இடம் பலவீனமான இடம். தண்ணீர் ஆழம் போகவும் திரும்பி வரவும் அங்கே வழி உண்டு. கன்னியா, மகாஓயா, மகாபெலெஸ்ஸ வெந்நீரூற்றுகள் இந்தக் கோட்டையும் அதன் அயலையும் ஒட்டித்தான் இருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் புவிச்சரிதவியல் திணைக்களத்தார் திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் செம்பும் காந்த இரும்புக்கல்லும் சேர்ந்த படிவத்தைக் கண்டதும் இதே கோட்டுக்கு அருகில்தான். இலங்கையில் செம்பு என்று சொல்லிக் காட்டத்தக்க படிவம் அது. ஆனால் அங்கே இன்னும் வணிகச் சுரங்கம் எழவில்லை.

வெல்லவாயவுக்கும் புத்தளவுக்கும் இடையே இன்னொரு சேருவில இருக்குமானால், அதைத் தேடும் முறை கடினமானதில்லை. கோட்டைக் கடக்கும் ஒவ்வோர் ஓடையிலும் அடிவண்டலை எடுத்துச் செம்பும் துத்தநாகமும் பார்க்க வேண்டும். காந்தக்கல் சேர்ந்திருந்தால் காந்தமானி மண்ணுக்கு மேலேயே காட்டிக் கொடுத்துவிடும். கிடைத்தால் அது பெரும்பாலும் செம்பாகத்தான் இருக்கும். வெள்ளிக்குக் காந்தமானியில் அசைவில்லை. அதைத் தேடுகிறவர் ஈயத்தைத் தேட வேண்டும், ஊவாவின் ஓடைகளில் ஈயம் கூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.